கடவுளின் முகமே காசின் மதிப்பு

கி.மு. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமில் வார்க்கப்பட்ட வெண்கலக் காசுகளில் எதைத் திருப்பிப் பார்த்தாலும், பின்புறத்தில் போர்க்கப்பலின் முன்பகுதியான அணியமே தென்படும். முக்கியமான ஆறு வகைகளுக்கும் அதே கப்பல்தான் என்பதால், கையிலிருப்பது எந்தக் காசு என்று சொல்லும் பொறுப்பு முன்புறத்திலிருந்த கடவுளின் தலைக்கு வந்து சேர்ந்தது.

அடிப்படைக் காசான 'அஸ்', 12 'உன்சியா'க்களுக்குச் சமம்; அதில் இரண்டு முகங்கள் கொண்ட ஜேனஸ், வாயில்களுக்கும் தொடக்கங்களுக்கும் உரிய தெய்வம், இடம்பெற்றார். அரை அஸ்ஸில் தாடியுடன் சாட்டர்னும், மூன்றில் ஒரு பங்கில் தலைக்கவசம் தரித்த மினர்வாவும், நான்கில் ஒரு பங்கில் சிங்கத்தோல் போர்த்திய ஹெர்குலிஸும், ஆறில் ஒரு பங்கில் சிறகு முளைத்த தொப்பியுடன் மெர்க்குரியும், ஒற்றை உன்சியாவில் ரோம நகரமே தெய்வமாக உருவெடுத்த ரோமாவும் இருந்தனர். மினர்வாவுக்கும் ரோமாவுக்கும் தலைக்கவசம் உண்டு. தேய்ந்த காசில் இருவரையும் பிரித்தறிவது எளிதன்று. அங்கே புள்ளிகள் துணைக்கு வந்தன: மினர்வாவுக்கு நான்கு, ஹெர்குலிஸுக்கு மூன்று, மெர்க்குரிக்கு இரண்டு, ரோமாவுக்கு ஒன்று. புள்ளிகளை எண்ணினால் எத்தனை உன்சியா என்பது தெரிந்துவிடும்; எழுத்தறிவு தேவையில்லை.

எடையை வைத்தே மதிப்பை அறியலாமே என்று தோன்றலாம். ஆனால் எடை நிலையாக இருக்கவில்லை. தொடக்கத்தில் கால் கிலோவுக்கும் சற்று அதிகமாக இருந்த அஸ், வட ஆப்பிரிக்க அரசான கார்த்தேஜுடனான இரண்டாம் போரின் (கி.மு. 218–201) செலவுச் சுமையில் படிப்படியாக இளைத்து, ஏறத்தாழ 50 கிராமுக்கு இறங்கியது. நேற்றைய சிறு காசின் எடையில் இன்றைய பெரிய காசு வெளிவரும் நிலையில், மாறாமல் நின்ற கடவுளும் குறியுமே மக்களுக்குப் பிடிமானமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எடை குறைந்ததால் செய்முறையும் மாறியது. கனத்த காசுகளைச் சுத்தியலால் அடித்து உருவாக்குவது கடினம்; எனவே ஈயம் கலந்து இளக்கமாக ஓடும் உருகிய வெண்கலத்தை இரண்டு பாதி அச்சுகளுக்கிடையே ஊற்றி வார்த்தனர். காசுகள் சிறுத்த பிறகு, செதுக்கிய அச்சுகளுக்கு நடுவே உலோகத் துண்டை வைத்து அடிப்பது இயன்றது. தெய்வங்களின் முகங்களும் கூர்மையடைந்தன.

நம் சிறுவர்கள் 'பூவா தலையா' என்பதுபோல, ரோமச் சிறுவர்கள் காசைச் சுண்டி 'தலைகளா, கப்பலா' என்று கூவுவர். 'தலைகள்' என்னும் பன்மை ஜேனஸின் இரட்டை முகத்தைக் குறிப்பது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் மக்ரோபியஸ் இதைப் பதிவு செய்தபோது, அந்தக் கப்பல் காசு அச்சிடப்படாமல் 400 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.