குவிக் பிரெட்: விரைவு ரொட்டியா, திடீர் ரொட்டியா?

ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்காமல், சோடா உப்பையோ பேக்கிங் பவுடரையோ கலந்து உப்ப வைத்துச் சுடும் ரொட்டிக்குக் குவிக் பிரெட் என்று பெயர். வாழைப்பழ பிரெட், மஃபின், ஸ்கோன், அயர்லாந்துக்காரர்களின் சோடா பிரெட், அமெரிக்கர்களின் மக்காச்சோள பிரெட், பான்கேக் எல்லாமே இந்தக் குடும்பம்தான். பெயரில்தான் பிரெட், நம் வீடுகளில் இதில் பாதிக்கு மேல் கேக் என்று சொல்லித்தான் காலியாகும்.

இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் பலர் 'விரைவு ரொட்டி' என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு முழு வாழைப்பழ ரொட்டி அவன் (oven) அடுப்பில் வேக ஐம்பது நிமிடமாவது ஆகும், கோத்தகிரியில் மார்கழி மாதத்துக் குளிரில் சுட்டால் ஒரு மணி நேரத்தையும் தாண்டும், அதற்குள் பக்கத்து அடுப்பில் ஒரு குடும்பத்துக்கே சப்பாத்தி போட்டு முடித்துவிடலாம். இதில் எது விரைவு? குவிக் என்றது வேகும் நேரத்தை அல்ல, காத்திருக்கும் நேரத்தை. மாவு பொங்கட்டும் என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கலந்த கையோடு அடுப்பில் ஏற்றிவிடலாம் என்பதுதான் பொருள்.

ஈஸ்ட் என்பது நுண்ணுயிர். மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும், அதற்கு வெதுவெதுப்பும் நேரமும் வேண்டும். சோடா உப்புக்கு அந்தக் கவலை இல்லை, தயிர், மோர், வெல்லம் என்று புளிப்புள்ள எதைத் தொட்டாலும் அதே வாயு அப்போதே கிளம்பிவிடும். அமெரிக்காவில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரச்சாம்பலிலிருந்து எடுத்த பேர்லாஷ் என்ற காரத்தை இதற்குப் பயன்படுத்தினார்கள், 1796ல் அங்கே அச்சான அமெலியா சிம்மன்ஸின் சமையல் புத்தகத்தில் அது இருக்கிறது. 1843ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட், தன் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேக்கிங் பவுடரைத் தயாரித்தார். சோடாவையும் அதற்கு எதிரான புளிப்பு உப்பையும் உலர்வாக ஒரே டப்பாவில் அடைத்தால் அதுதான் பேக்கிங் பவுடர், ஈரம் பட்டதும் இரண்டும் கைகலக்கும். இதற்கு இரண்டு வருடம் கழித்து, 1845ல், அமெரிக்க மிஷனரிகள் பழனி மலைமேல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். ஆக, அந்த ஊரும் பேக்கிங் பவுடரும் ஏறக்குறைய ஒரே வயது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

நம் சமையலறையில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது: திடீர். திடீர் தோசை, திடீர் இட்லி என்கிறோமே, அதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அரிசி உளுந்தை ஊறப்போட்டு, ஆட்டி, ராத்திரி முழுக்கப் புளிக்க வைக்காமல், ரவையில் தயிரை ஊற்றி ஒரு சிட்டிகை சோடாவோ ஈனோவோ போட்டுச் சுடுவதுதான் திடீர் இட்லி. குவிக் பிரெட்டிலும் நடப்பது அச்சு அசலாக இதேதான். விரைவு என்ற அகராதிச் சொல்லில் கிடைக்காத 'புளிக்க வைக்காத' என்ற உட்பொருள் திடீருக்கு நம் வீட்டுப் பெண்களின் வாயிலேயே வந்து சேர்ந்துவிட்டது. அதனால் என் ஓட்டு திடீர் ரொட்டிக்கு. பாக்கெட் மாவு விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

'சோடா ரொட்டி' என்றும் சொல்லலாம், ஆனால் அது இந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் பெயர். மோரும் சோடாவும் மட்டும் சேர்த்துச் சுடும் அயர்லாந்து ரொட்டிக்கு அதை விட்டுவைப்பது நல்லது. பேக்கிங் பவுடர் போட்ட மஃபினையும் அந்தப் பெயருக்குள் அடைத்தால் குழப்பம்தான். சோடா உப்புக்கு நம் மளிகைக்கடையில் ஆப்ப சோடா என்று பெயர் இருப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆப்ப மாவில் கள்ளை ஊற்றிப் பொங்க வைத்த காலம் ஒன்று உண்டு, கள்ளுக்குள் இருப்பதும் ஈஸ்ட்தான். கள் போன இடத்துக்குச் சோடா வந்தது, பேர்லாஷ் காலத்து அமெரிக்கச் சமையலறையில் நடந்த அதே இடமாற்றம் நம் ஆப்பச்சட்டியிலும் நடந்திருக்கிறது.

அடுத்தது ரொட்டி. வடக்கிலிருந்து வந்த சொல்தான், சமஸ்கிருதத்தில் ரோட்டிகா, இந்தியில் ரோட்டி. நம்மிடம் வந்ததும் சப்பாத்தி வகைக்கும் பேக்கரி பிரெட்டுக்கும் சேர்த்துப் பொதுப்பெயர் ஆகிவிட்டது, காய்ச்சல் வந்தால் பாலும் ரொட்டியும் என்றால் யாரும் சப்பாத்தியைத் தேடுவதில்லை. இலங்கையில் கதை வேறு, அங்கே ரொட்டி என்றால் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய தட்டை ரொட்டி, பேக்கரி ரொட்டிக்குப் பெயர் பாண். அது போர்த்துக்கீசியச் சொல், மும்பைப் பாவின் உடன்பிறப்பு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறிய குடும்பங்களில் வயதானவர்கள் வாயில் இன்றும் பாண் வரும். விவிலியத் தமிழிலோ இதே பொருள் அப்பம், 'புளிப்பில்லாத அப்பம்' என்ற தொடர் தேவாலயம் போகிறவர்களுக்கு மனப்பாடம். தனித்தமிழ் ஆர்வலர்கள் 'வெதுப்பி' என்கிறார்கள். வெதுப்புதல் என்றால் இளஞ்சூடு காட்டுவது, 180 டிகிரியில் முறுகச் சுடும் ஒன்றுக்கு அது எனக்குப் பொருந்தி வரவில்லை. பேக்கரிக்கு அடுமனை என்பது அருமையான சொல், அடுப்பு, அடுக்களை எல்லாம் அதே வேரில் வந்தவை, பலகைகளிலும் ஏறிவிட்டது. ரொட்டியை ரொட்டியாகவே விட்டுவிடலாம்.

ஊட்டி வர்க்கியை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது மாவா என்ற புளிப்புக் கலவையைச் சேர்த்து நிதானமாகச் செய்வது, திடீருக்கு நேர் எதிர்.

இப்போது மாவுக்கு வருவோம், ஏனென்றால் வீட்டில் இந்த ரொட்டி சுடுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு தொடர் 'ஃப்ரெஷ்லி மில்டு' மாவு. 'புதிதாக ஆலையில் அரைக்கப்பட்ட' என்று இழுத்து நீட்ட வேண்டியதில்லை. உலக்கையால் குத்துவது இடிப்பது, ஈரமாக ஆட்டுக்கல்லில் சுற்றுவது ஆட்டுவது, உலர்ந்த தானியத்தைக் கல்லிடுக்கில் போட்டு மாவாக்குவது திரிப்பது. திரிக்கிற கல் திரிகை, அதுவே திருகை ஆனது. தெற்கத்திக்காரர்கள் இன்றும் மில்லுக்குப் போய் மாவு திரித்து வருகிறார்கள். ஆகவே 'அன்று திரித்த மாவு' என்றால் போதும். (கோதுமை ஆட்டாவை ஆட்டு என்ற வினையோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அது இந்திச் சொல், ஆட்டுக்கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) நீலகிரியில் இன்னொரு சொல்லும் காதில் விழும். பொத்திட்டு, துப்பதிட்டு என்று படுகர் வீட்டுப் பலகாரப் பெயர்களின் வாலில் ஒட்டியிருப்பது ஹிட்டு, அதாவது மாவு. பால் அங்கே ஹாலு ஆனது போல நம் பிட்டுதான் ஹிட்டு, புட்டும் அதுவே.

அன்று திரித்த மாவுக்கும் திடீர் ரொட்டிக்கும் ஜாதகப் பொருத்தம் பிரமாதம். ஈஸ்ட் ரொட்டிக்கு மாவில் பசைப்புரதம் (குளூட்டன்) ரப்பர் போல இழுபட வேண்டும், முழுக்கோதுமையின் தவிட்டுத் துணுக்குகள் அந்த இழையை அறுத்துவிடும், திரித்த அன்றே எடுத்த மாவில் அந்த இழைக்கு வலுவும் குறைவு, சில வாரம் காற்றுப் பட்டுக் கிடந்தால்தான் வலுவாகும். திடீர் ரொட்டிக்கோ இழையே வேண்டாம். இழுவை வந்தால் ரொட்டி கட்டையாகிவிடும் என்றுதான் அதிகம் கலக்காதே என்கிறோம். அதனால் பசை குறைந்த சம்பா கோதுமை இதற்கு நன்றாகவே ஒத்துவரும். மலையில் ஏது கோதுமை என்று கேட்கிறவர்களுக்கு: குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை ஆய்வு நிலையமே இருக்கிறது. கோதுமையைத் தாக்கும் துருநோய்ப் பூஞ்சை சமவெளியின் வெயிலில் செத்துவிடும், நீலகிரியிலும் பழனி மலையிலும் கோடையைத் தாண்டிப் பிழைத்து மறுபடி கீழே காற்றில் இறங்கும். அதனால்தான் துருநோய் ஆராய்ச்சிக்கு இந்த மலை.

மில்லில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாவு இறங்கும் வாயில் ஒரு துணிக்குழாய் கட்டியிருப்பார்கள், உங்களுக்கு முன்னால் யாராவது கேழ்வரகு திரித்திருந்தால் அதன் மிச்சம் முழுக்க அந்தத் துணியில்தான் இருக்கும், முதலில் விழும் மாவு பழுப்பாக வரும். கோதுமைக்காரருக்கு அடுத்த ஆளாக வரிசையில் நில்லுங்கள், மிளகாய்க்குத் தனி மெஷின் இருக்கிற மில்லாகவும் பாருங்கள். மாவு கை சுடச்சுடத்தான் இறங்கும். அந்தச் சூட்டோடு தூக்குப்போசியை மூடினால் மூடியில் நீர் கோத்து மாவு கட்டி தட்டும், செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்டு, ஆறியதும் உடனே அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மலைக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முளையின் எண்ணெய் மாவிலேயே இருப்பதால் வாசனை தூக்கும், அதே எண்ணெய்தான் சில வாரத்தில் சிக்கு வாடையும் கொடுக்கும். ஒரு வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் திரியுங்கள்.

சமவெளியில் எழுதிய குறிப்பை அப்படியே மலையில் செய்தால் நடுவில் குழி விழும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், காற்றழுத்தம் குறைவு என்பதால் சோடா விடும் வாயு கூடுதலாக விரியும், ரொட்டி வேகும் முன்னே பொங்கி அப்படியே உட்கார்ந்துவிடும். சோடாவில் கால் பங்கைக் குறைத்து, குறிப்பில் உள்ள ஒவ்வொரு கப் திரவத்துக்கும் மூன்று நான்கு மேசைக்கரண்டி ஈரத்தைக் கூட்டி, சர்க்கரையைக் கொஞ்சம் பிடித்துப் போட்டு, அவனைப் பத்து டிகிரி ஏற்றினால் சரியாக வரும். இரண்டு கப் மாவுக்கு ஒரு தேக்கரண்டி சோடா என்று எழுதியிருந்தால் ஊட்டியில் முக்கால் தேக்கரண்டி போதும்.

திரித்த மாவின் தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அதனால் மாவு, தயிர், மசித்த பழம், நாட்டுச் சர்க்கரை, எண்ணெய், முட்டை எல்லாவற்றையும் கலந்து இருபது நிமிடம் ஊறவிட்டு, கடைசியில் சோடாவை ஒரு கரண்டி நீரில் கரைத்து ஊற்றி நாலு சுற்று சுற்றி உடனே அவனில் வைத்துவிடுங்கள். முதலிலேயே சோடாவைப் போட்டு ஊறவைத்தால் வாயு முழுக்கப் பாத்திரத்திலேயே போய்விடும். பழனி மலையின் விருப்பாச்சி மலைவாழை கிடைத்தால் அதையே போடுங்கள், நன்றாகக் கனிந்து தோல் கறுத்ததாக. அவன் இல்லாதவர்கள் குக்கரில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பிச் சுடலாம், மேல்பக்கம் சிவக்காது, ருசியில் குறை இருக்காது. ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும். சூட்டோடு வெட்டினால் முழுக்கோதுமை ரொட்டி உதிரும், ஆறவைத்து மறுநாள் காலையில் வெட்டினால் துண்டு துண்டாக வரும், தவிடும் அதற்குள் ஊறி மெத்தென்று ஆகியிருக்கும்.