நற்பணி: லாட்டரிப் பணம் போய்ச் சேரும் இடத்தின் பெயர்

லண்டனின் வடமேற்குப் பக்கம் ஒரு சமூக மண்டபத்தில் வாரத்தில் ஒரு நாள் நம் முதியவர்கள் கூடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் உடற்பயிற்சி, தேநீர், அப்புறம் கொஞ்சம் பழைய பாட்டு. செலவில் ஒரு பகுதி பிரிட்டனின் தேசிய லாட்டரி நிதியிலிருந்து வருகிறது. வாசலில் ஒட்டுவதற்குத் தமிழ் அறிவிப்பு ஒன்றைக் கணினியில் மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். "லாட்டரி வருமானம் நல்ல காரணங்களுக்கு விநியோகிக்கப்படுகிறது" என்று இருந்தது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கண்ணாடியை மேலே தள்ளி அதை இரண்டு முறை வாசித்தார். "நல்ல காரணம் எண்டால் என்ன தம்பி? எதுக்குக் காரணம்?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் கேட்டது சரிதான். ஆங்கில மூலத்தில் இருப்பது 'குட் காசஸ்'. 'காஸ்' என்றால் காரணம் என்று அகராதியில் முதல் பொருளாகப் போட்டிருக்கும். ஆனால் இந்த இடத்தில் அது பொருந்தாது. அந்தச் சொல்லின் வேர் லத்தீன் 'காவுசா'. அதற்குக் காரணம் என்ற பொருளோடு வழக்கு, விவகாரம் என்ற பொருளும் உண்டு. வழக்கில் ஒருவர் பக்கம் நின்று வாதாடுவோம் இல்லையா, அப்படி நாம் பரிந்து நிற்கிற, உழைக்கிற, பணம் கொடுக்கிற ஒரு பணி என்று ஆங்கிலத்தில் பொருள் விரிந்தது. இத்தாலிய மொழியில் விஷயம், பொருள் என்று வழங்கும் 'கோசா'வும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

தமிழில் 'காரணம்' பின்னால் பார்க்கும் சொல்; ஏன் நடந்தது என்று கேட்கும். 'காரியம்' முன்னால் பார்க்கும். என்ன செய்யப்போகிறோம் என்று கேட்கும். அப்படியானால் 'நற்காரியம்' என்று வைக்கலாமே என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் வீட்டில் 'நல்ல காரியம்' என்றால் கல்யாணம், காதுகுத்து. வெறுமனே 'காரியம்' என்றாலோ இறந்தவருக்குச் செய்யும் சடங்கு. முதியவர்கள் கூடும் மண்டபத்தின் வாசலில் அந்தச் சொல்லை ஒட்ட மனம் வரவில்லை.

அறப்பணி, தருமம் ஆகிய இரண்டும் அழகான சொற்கள். இருந்தாலும் போதாது. கடைசியில் நான் எடுத்த சொல் 'நற்பணி'. மற்றவை ஏன் போதாது என்பதற்கு அந்தப் பணம் போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

ஜான் மேஜர் பிரதமராக இருந்தபோது, 1993இல், பிரிட்டனில் தேசிய லாட்டரிச் சட்டம் வந்தது. முதல் குலுக்கல் 1994 நவம்பர் 19. 'குட் காசஸ்' என்றால் எவை என்று அப்போதே ஐந்து துறைகளை வகுத்துவிட்டார்கள்: கலை, விளையாட்டு, மரபுச் செல்வம், தொண்டு, புத்தாயிரம் ஆண்டுத் திட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு. இப்போது புத்தாயிரம் போய், 40 சதவீதம் உடல்நலம், கல்வி, சுற்றுச்சூழல், தொண்டு ஆகியவற்றுக்கு. கலை, விளையாட்டு, மரபு மூன்றுக்கும் தலா 20 சதவீதம்.

சீட்டு விற்ற காசில் பாதிக்கு மேல் பரிசாகவே திரும்பிவிடும். 12 சதவீதம் அரசுக்கு வரி. கடையில் விற்ற சீட்டு என்றால் ஏறத்தாழ 5 சதவீதம் கடைக்காரருக்குக் கமிஷன். நடத்தும் நிறுவனத்துக்கு ஒரு சிறு பங்கு. முன்பு கேம்லட் நடத்தியது, 2024 பிப்ரவரியிலிருந்து அல்வின் நடத்துகிறது. நற்பணிக்குப் போவது ஏறத்தாழ கால் பங்கு. எந்த வகைச் சீட்டு எவ்வளவு விற்கிறது என்பதைப் பொறுத்து அது ஏறி இறங்கும். சுரண்டிப் பார்க்கும் சீட்டில் அந்த விகிதம் குறைவு. வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன். வென்றவர் 180 நாளுக்குள் வந்து கேட்காத பரிசும் நற்பணிக்கே போகும்.

இந்தப் பணம் அரசின் பொதுக் கஜானாவில் கலப்பதில்லை. பண்பாட்டுத் துறை அமைச்சகத்தின் பொறுப்பில் 'பகிர்வு நிதி' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கலை மன்றங்கள், விளையாட்டு அமைப்புகள், மரபு நிதி, சமூக நிதி, பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் எனப் பல வாய்க்கால்களில் பிரிகிறது. எந்த மண்டபத்துக்கு எவ்வளவு என்பதை அந்த அமைப்புகள் தீர்மானிக்கின்றன. அமைச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில்லை.

அட்லாண்டா ஒலிம்பிக்கில், 1996இல், பிரிட்டன் வென்றது ஒரே ஒரு தங்கம். மறு ஆண்டிலிருந்து வீரர்களின் பயிற்சிக்கு லாட்டரிப் பணம் போகத் தொடங்கியது. 2012இல் லண்டனில் 29 தங்கம். வட இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் எஃகுச் சிறகை விரித்து நிற்கும் 'வடக்கின் தேவதை' சிலைக்கும் லாட்டரிப் பணம் உண்டு. படகு வலிக்கும் வீரரின் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுப்பதை யாரும் தருமம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அது நற்பணி. நடிகர்களின் ரசிகர்கள் கூட 'நற்பணி மன்றம்' என்றுதானே பெயர் வைத்தார்கள்! இரத்த தானமும் நோட்டுப் புத்தகமும் விளையாட்டுப் போட்டியும் அந்தப் பெயருக்குள் அடங்கின. அந்த அகலம்தான் இங்கே வேண்டும்.

இனி 'லாட்டரி'. அதன் அடியில் இருப்பது 'லாட்' என்ற பழைய ஜெர்மானியச் சொல். யாருக்கு எந்தப் பங்கு என்று முடிவு செய்யப் போட்டுக் குலுக்கும் மரத்துண்டுக்கு அந்தப் பெயர். பிறகு அப்படிக் கிடைத்த பங்குக்கும் அதுவே பெயராயிற்று. மனையை 'பிளாட்' என்கிறோமே, அமெரிக்காவில் அதை 'லாட்' என்பார்கள். ஒதுக்கீட்டைக் குறிக்கும் 'அலாட்மென்ட்'டும் இதே குடும்பம். பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் குடவோலையும் இதற்கு நெருங்கிய உறவு. அங்கே மரத்துண்டுக்குப் பதில் ஓலை. ஆக, பங்கு என்ற பொருள் லாட்டரி என்ற பெயருக்குள்ளேயே இருக்கிறது.

இங்கிலாந்தின் முதல் அரசு லாட்டரியை முதலாம் எலிசபெத் 1567இல் அறிவித்தார். சீட்டு 10 ஷில்லிங். குலுக்கியது 1569இல், புனித பால் தேவாலய வாசலில். பணம் எதற்கு என்று அந்த அறிவிப்பு சொல்கிறது: துறைமுகங்களைப் பழுதுபார்க்க, நாட்டை வலுப்படுத்த, மற்றும் பிற 'பப்ளிக் குட் வொர்க்ஸ்' செய்ய. பொது, நல்ல, பணிகள். தமிழில் நான் தேடிக்கொண்டிருந்த சொல்லை நாலரை நூற்றாண்டுக்கு முன்பே அவர்கள் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு மெய்யாகவே சந்தோஷமாக இருந்தது. 'பொதுநற்பணி' என்று முழுசாகவும் எழுதலாம், 'நற்பணி' என்று சுருக்கியும் எழுதலாம்.

சீட்டுக்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது: பரிசுச்சீட்டு. அண்ணா ஆட்சியில் 1968இல் அரசே தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் அப்போது ஊரெல்லாம் பரவியது. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியே தடை செய்யப்பட்டது. அந்த வாசகத்தில் வரும் 'நாட்டுக்கு' என்பதை 'நற்பணி'யோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நாட்டுக்கு என்றால் கஜானாவுக்கு. நற்பணிக்கு என்றால் கஜானா செய்ய வேண்டியதற்கு மேல். பிரிட்டனில் இதற்கு 'அடிஷனாலிட்டி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 'கூடுதல் நெறி' என்று தமிழில் சொல்லலாம். லாட்டரிப் பணம் அரசுச் செலவுக்கு மாற்றாகிவிடக் கூடாது, கூடுதலாக இருக்க வேண்டும் என்பதே அது. 1998இல் உடல்நலத்தையும் கல்வியையும் பட்டியலில் சேர்த்தபோது, இது அரசு தன் வரிப்பணத்தில் செய்ய வேண்டியதல்லவா என்று பலத்த கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. சீட்டு வாங்குவோரில் பலர் காசுக்குச் சிரமப்படுகிறவர்கள். அவர்கள் கொடுத்த பணத்தால் அரசின் பாரம் குறையக் கூடாது.

இலங்கையில் 'லொத்தர்' என்பார்கள். மண்டபத்தில் பாதிப்பேர் அங்கிருந்து வந்தவர்கள் என்பதால் அறிவிப்பில் 'லாட்டரி' என்பதோடு 'லொத்தர்' என்பதையும் சேர்த்தேன். "தேசிய லாட்டரி (லொத்தர்) நற்பணி நிதியின் உதவியோடு இந்தக் கூடல் நடக்கிறது." அதே அம்மாவிடம் காட்டினேன்.

"லொத்தர்க் காசோ?" என்று முகத்தைச் சுளித்தார். சூதாட்டப் பணத்தில் தேநீர் குடிக்கிறோமே என்ற சங்கடம். நான் பங்குக் கணக்கையெல்லாம் விளக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினார். இலங்கையில் அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானத்தில் ஒரு பகுதி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல புலமைப்பரிசிலுக்கு (உதவித்தொகைக்கு) போகிறது. அவர் மகன் பல்கலைக்கழகத்தில் படித்தது அந்த உதவியில்தான்.

"அப்ப மகாபொல மாதிரி எண்டு சொல்லுங்கோவன், தம்பி. விளங்கீட்டுது."