கையெழுத்துச் சாவிக்கு நகல் கூடாது, பூட்டுச் சாவிக்கு நகல் இல்லாமல் கூடாது

க.க.சாவடியில் குடோன், வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோட்டில் யூனிட். ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்குவது (தமிழ்நாடு) ஒன்று, 32-இல் தொடங்குவது (கேரளம்) இன்னொன்று. ஆனால் கணினியில் டிஜிட்டல் கையெழுத்துப் போட முதலாளியின் டோக்கன், அதாவது கையெழுத்துச் சாவி அடங்கிய யுஎஸ்பி கருவி, ஒன்றுதான். டிஜிட்டல் கையெழுத்து பான் எண்ணோடு சேர்ந்தது. ஒரே டோக்கனை இரண்டு மாநிலப் பதிவுக்கும் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ரிட்டர்ன் தேதி நெருங்கியதும் அது யாரோ ஒருவரின் சட்டைப்பையில் பாலக்காட்டு பஸ் ஏறுகிறதே, அதுதான் தவறு. பின் நம்பரும் பெரும்பாலும் அதன் முதுகிலேயே ஒட்டியிருக்கும்.

சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது கையெழுத்துக்கு உரியவரின் கடமை என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42. கைமாறிப் போனால் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் தந்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கஞ்சிக்கோட்டுப் பொறுப்பாளரையும் ஜிஎஸ்டி போர்ட்டலில் கையொப்பதாரராகச் சேர்த்து, அவர் பெயரிலேயே தனி டோக்கன் வாங்கிவிட்டால் பஸ் பயணம் மிச்சம்.

கையெழுத்துச் சாவி டோக்கனுக்குள்ளேயே உருவாவது. வெளியே எடுக்க முடியாது, எடுக்கவும் தேவையில்லை. தொலைந்தால் ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்கலாம். தொலைவதைவிட மோசம், ராத்திரி முழுக்கக் கணினியில் செருகியே கிடப்பது. பின் நம்பரை ஒருமுறை அடித்தால் டோக்கனை உருவும்வரை திரும்பக் கேட்காத மென்பொருள்கள் உண்டு. கூடவே, தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க்கும் திறந்திருந்தால், திருட வருபவர் ஆபீஸ் படியேறவே வேண்டாம்.

பூட்டும் சாவியின், அதாவது தகவலை மறைகுறியாக்கிப் பூட்டும் என்கிரிப்ஷன் சாவியின், கணக்கு நேர் எதிர். டெண்டருக்குச் சேர்த்து வாங்கும் காம்போவில் இரண்டு சான்றிதழ்கள் இருக்கும், ஒன்று கையெழுத்துக்கு, மற்றது என்கிரிப்ஷனுக்கு. புதுப்பிக்கும்போது பூட்டும் சாவி, திறக்கும் சாவி என்ற ஜோடியே மாறிவிடும். பழைய சாவியால் பூட்டிய ஏலப்புள்ளி புதியதற்குத் திறக்காது. "இனிஷியலைஸ் பண்ணிட்டு அதே டோக்கன்ல ஏத்திடலாம் சார்" என்று விற்பவர் சொன்னால் தலையாட்டாதீர்கள். இனிஷியலைஸ் என்றால் டோக்கனைத் துடைத்துப் புதிதாக்குவது, உள்ளே இருக்கும் சாவியெல்லாம் அழிந்துவிடும். நிலுவையில் உள்ள டெண்டர் திறக்கும்வரை பழைய டோக்கன் அலமாரியில் இருக்கட்டும், புதியதற்குத் தனி டோக்கன் வாங்குங்கள்.

மடிக்கணினியின் வட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரும் இந்த வகைதான். 48 இலக்க மீட்புச் சாவி, முதலில் லாகின் செய்தவரின் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கலாம். அந்த ஆள் வேலையை விட்டபின் மதர்போர்டு மாற்றினால், கணினி அந்த 48 இலக்கத்தைத்தான் கேட்கும். இப்போதே அச்சிட்டு, உறையில் போட்டு ஒட்டி, லாக்கரில் வையுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு நோட்டுப் போதும். டோக்கன் எண், சான்றிதழ் முடியும் தேதி, யார் பொறுப்பு, ஜிஎஸ்டி, பிஎஃப், கம்பெனி விவகார அமைச்சகம், சுங்கம் இவற்றின் போர்ட்டல்களில் எங்கெல்லாம் பதிந்திருக்கிறது என்று எழுதுங்கள். பின் நம்பர் மட்டும் அதில் வேண்டாம். எங்கெல்லாம் பதிந்திருக்கிறது என்ற கடைசிக் கலத்தைத்தான் பலர் நிரப்புவதில்லை. புதுப்பித்தபின் ஒவ்வொரு போர்ட்டலிலும் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது ரிட்டர்னின் கடைசி நாளில்தான் தெரியவரும். முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

கையொப்பதாரர் வேலையை விட்டால் டோக்கனை வாங்கி வைப்பதோடு முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. முதலில் ஒவ்வொரு போர்ட்டலிலும் அவர் பெயரையும் செல்பேசி எண்ணையும் நீக்குங்கள், இல்லாவிட்டால் ஓடிபி அவருக்கே போய்க்கொண்டிருக்கும். அதன்பிறகு சான்றிதழை ரத்து செய்யச் சொல்லுங்கள்.