கோச்சிப் பாதையும் குளக்கட்டும்

2012இல், இலங்கையின் வடக்கே வன்னியில், மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் இருந்த எங்கள் ஊரில், பின்னேரமானால் பாதிப் பேர் கோச்சிப் பாதையடியில், அதாவது ரயில் பாதையடியில்தான் நிற்பார்கள். 1990இல் போரால் யாழ்ப்பாணத்துக் கோச்சியான யாழ்தேவி நின்ற பிறகு பழைய பாதை பற்றைக்குள் மறைந்துபோனது, தண்டவாளமும் அதற்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர் என்ற பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன, மீதி இருந்தது ஒரு மண்மேடு மட்டும். அதிலும் கண்ணிவெடி எடுத்து முடித்த பிறகுதான் வேலையே தொடங்க முடிந்தது. இருபது வயதான பிள்ளைகள் கூட அதுவரை ஒரு கோச்சியைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் இந்தியாவின் இர்கொன் நிறுவனம் ஓமந்தையிலிருந்து வடக்கே பாதை போட்டுக்கொண்டு வந்தபோது, இன்றைக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே எங்களுக்கு ஒரு அலுவலாகிவிட்டது.

முதல் வந்தது டிப்பரும் கிரவலும். கிரவலைப் பறித்துப் பரப்புவார்கள், பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பார்கள், பிறகு ரோலர் உருட்டும். பக்கத்து வளவு ஐயா ஒருநாள் கேட்டார்: "உதென்ன தம்பி, இறுக வேண்டிய மண்ணுக்குத் தண்ணியை ஊத்திப்போட்டு உருட்டுறாங்கள்?"

நல்ல கேள்வி. மண்ணைக் காய்ந்தபடியே உருட்டினால் மணிகள் ஒன்றோடொன்று உரசி நின்றுவிடும், இடையில் காற்று இருக்கும். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் மணிகள் வழுக்கி, நெருங்கிப் போய் உட்காரும். தண்ணீர் கூடிவிட்டாலோ இடைவெளியைத் தண்ணீரே பிடித்துக்கொள்ளும், அதை எந்த ரோலராலும் நசுக்க முடியாது. ஆக ஒவ்வொரு மண்ணுக்கும் அது மிக நன்றாக இறுகுவதற்கென்று ஒரு ஈரப்பதம் உண்டு. 1933இல் இதை அளந்து காட்டியவர் ரால்ஃப் புரொக்டர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். அவர் அதைக் கண்டுபிடித்தது றோட்டுக்காகவோ கோச்சிக்காகவோ இல்லை, மண் அணைகளுக்காக, அதாவது நம்முடைய குளக்கட்டு மாதிரியான வேலைக்காக. இதைச் சொன்னபோது ஐயா குனிந்து ஒரு பிடி கிரவலை அள்ளி அமத்திப் பார்த்தார். உருண்டையாக நின்றது, கீழே போட இரண்டு மூன்று துண்டாக உடைந்தது. "அப்ப சரி, கட்டுக்கு மண் பாக்கிற மாதிரித்தான்" என்றார். வேலைத்தளங்களில் இன்றைக்கும் முதல் கைச்சோதனை இதுதான்.

இன்னொன்றையும் கவனித்தோம். மண்ணை ஒரேயடியாகக் குவிக்காமல் ஒரு சாண் அளவுக்குப் போட்டுப் போட்டுத்தான் உருட்டினார்கள். ரோலரின் அழுத்தம் ஆழத்துக்குப் போகாது, தடிப்பாகப் போட்டால் மேலே இறுகி அடியில் பொலபொலவென்று கிடக்கும். அப்புறம் ஒரு மாரியில் அது இறங்கும். குளம் குளமாகக் கோர்த்துக் கிடக்கிற வன்னி மண்ணில், மழைக்காலத்தில் தண்ணீர் போகிற இடமெல்லாம் மதகு வைக்காமல் மேடு கட்டினால் என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிறகு சல்லிக்கல் வந்தது. இதில்தான் எல்லோரும் குழம்பினோம். இவ்வளவு பாடுபட்டு இறுக்கிய மண்மேல் ஏன் உதிரிக் கல்லைக் கொட்ட வேண்டும், ஒரேயடியாகக் கொங்கிரீட் போட்டுவிடலாமே?

சக்கரத்திலிருந்து பார்த்தால் விளங்கும். எஞ்சினின் ஒரு சக்கரம் ஏழெட்டுத் தொன் அளவில் அழுத்துகிறது, ஆனால் அது தண்டவாளத்தைத் தொடுகிற இடம் ஒரு விரல் நகமளவுதான். அந்தப் பாரத்தைத் தண்டவாளம் பல சிலிப்பர்களுக்குப் பகிர்கிறது, சிலிப்பர் கல்லுக்குக் கொடுக்கிறது, ஒரு கல் தனக்குக் கீழே உள்ள இரண்டு மூன்று கல்லுக்குக் கொடுக்கிறது, அப்படியே விரிந்து விரிந்து கிரவலுக்கு வந்து சேரும்போது, ஒரு ஆள் ஒற்றைக் குதியை ஊன்றி நின்றால் மண்ணில் விழுகிற அழுத்தத்தை விட அது பெரிதாக இருக்காது. அதற்குக் கல் புதிதாக உடைத்த, முனையும் மூலையும் உள்ள கல்லாக இருக்க வேண்டும். முனைகள் ஒன்றையொன்று கொளுவிப் பிடிக்கும். ஆற்றுக் கூழாங்கல்லைப் போட்டால் பயறு மூட்டை அவிழ்ந்த மாதிரி வழுகிப் போகும். மழை பெய்தால் தண்ணீர் இடுக்குகளால் இறங்கி ஓடிவிடும். மண் எங்காவது சற்று இறங்கினாலும், இயந்திரத்தால் பாதையைத் தூக்கி, அதிர்கிற இரும்பு விரல்களைக் கல்லுக்குள் செலுத்தி, சிலிப்பருக்கு அடியில் கல்லை நெருக்கி மட்டம் எடுத்துவிடலாம். கொங்கிரீட் பாதை யப்பானின் அதிவேக ரயில்களுக்கு உண்டுதான், ஆனால் செலவு கூட, அடிமண் இறங்கினால் திருத்துவதும் பெரும்பாடு.

இனி, ஊரே கைதட்டிப் பார்த்த விஷயம்: தண்டவாளம் பற்றவைப்பது. இரண்டு தண்டவாள நுனிகளுக்கு நடுவே ஒரு அச்சைக் கட்டி, மேலே ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தூளையும் இரும்பு ஒட்சைட்டையும் வைத்துக் கொளுத்துவார்கள். அலுமினியம் இரும்பிடமிருந்து ஒட்சிசனைப் பறிக்கும்போது வருகிற வெப்பம் சுமார் 2500 பாகை செல்சியஸ். உருகிய இரும்பு கனமென்பதால் அடியால் அச்சுக்குள் இறங்கும், கசடு மேலே மிதக்கும். கரண்ட் தேவையில்லை, காட்டுக்குள்ளும் செய்யலாம். இதைக் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்ற ஜெர்மன் வேதியியலாளர், 1899இல் எஸ்ஸன் நகரின் டிராம் தண்டவாளங்களில் முதன்முதலாகப் பயன்பட்டது.

பழைய பாதையில் துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டிருப்பார்கள், வெயிலில் இரும்பு நீள்வதற்கு. ஒரு கிலோமீட்டர் இரும்பு, வெப்பம் 30 பாகை கூடினால் 35 சென்ரிமீற்றர் அளவில் நீளும். பற்றவைத்த பாதையில் அந்த நீளம் எங்கே போகும்? போகாது, நீள விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். நீள முடியாத இரும்பு உள்ளுக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். மீற்றருக்கு 54 கிலோ நிறையுள்ள தண்டவாளம் என்றால் ஒரு பாகைக்குச் சுமார் 1.7 தொன் விசை, 30 பாகைக்கு 50 தொன்! வன்னி வெயிலில் மத்தியானம் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு 30 பாகை பெரிய கணக்கில்லை. இந்த விசை பாதையைப் பாம்பு மாதிரி வளைத்து எறியாமல் தடுப்பது, சிலிப்பர்களின் கனமும் இறுகிய பிடிகளும், சிலிப்பருக்கு இடையிலும் தலைப்பக்கங்களிலும் குவித்த அதே சல்லிக்கல்லும்தான். அதனால்தான் பாதையோரத்துக் கல்லை வீட்டு முற்றத்துக்கு அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்று நான் கண்ட பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

2013 செப்ரெம்பர் 14 அன்று கிளிநொச்சிக்குக் கோச்சி வந்தது. 2014 மார்ச்சில் பளை, ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம். அம்மா அழுதா.

ஆனால் பற்றவைப்பு ஒரு விஷயத்தை மாற்றிவிட்டது, இதை ஊரில் இன்னும் பலர் யோசிப்பதில்லை. பழைய கோச்சியின் தடக் தடக் என்பது அந்த இடைவெளிகளில் சக்கரம் விழுந்த சத்தம், அது வெகு தூரத்திலேயே கேட்கும், எங்கள் தாத்தாமார் காதை நம்பியே கடவையைத் தாண்டினார்கள். இப்போது இடைவெளி இல்லை, சத்தமும் அவ்வளவு இல்லை. இரும்பின்மேல் இரும்பு உருள்வதால் உராய்வும் குறைவு, மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிற கோச்சி பிரேக் பிடித்தாலும் நிற்க அரைக் கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். சாரதி உங்களைக் காண்கிற நேரத்தில் அவரால் செய்யக்கூடியது ஹோர்ன் அடிப்பது மட்டும்தான். எங்கள் பக்கத்தில் கேற் இல்லாத கடவைகள் இன்னும் இருக்கின்றன. அம்மா இப்போதும் சந்தைக்குப் போகும்போது சைக்கிளால் இறங்கி, தலைத்துணியைக் காதிலிருந்து விலக்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உருட்டிக்கொண்டுதான் கடக்கிறா.