ஃபட்டீக்: இரும்புக்கு வருவது களைப்பா, இளைப்பா?

போன வாடைக்காலம் முடிந்த கையோடு திருகோணமலை கொட்பேயில் வெல்டிங் செய்யும் அண்ணன் ஒருவர் வள்ளத்தில் இருந்து கழற்றிய எஞ்சின் தாங்கியைக் காட்டினார். ஒட்டு நன்றாகத்தான் இருந்தது. ஒட்டு முடிந்து தகடு தொடங்குகிற ஓரத்தில் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு துருக்கோடு. "இரும்பு களைச்சுப் போச்சு தம்பி" என்றார்.

ஆங்கிலத்தில் ஃபட்டீக் (fatigue) என்பது இதைத்தான். ஒரு தடவை வந்தால் இரும்பு சாதாரணமாகத் தாங்கிவிடும் சுமை, லட்சக்கணக்கான தடவை வந்து வந்து போகும்போது வெடிப்பு தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, ஒருநாள் முறிகிறது. களைக்கச் செய்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையில் இருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 1854இல் ஆங்கிலப் பொறியியலாளர் பிரைத்வெயிட் உலோகங்களின் முறிவு பற்றிய கட்டுரைத் தலைப்பிலேயே இதைப் போட்டார். ஜெர்மனியில் வோலர் என்ற பொறியியலாளர் ரயில் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுமையேற்றி, எவ்வளவு தகைப்புக்கு (பரப்பின் ஒரு அலகில் விழும் விசைக்கு) எத்தனை சுற்று தாங்கும் என்று அளந்தார்.

கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளுக்கு இந்தக் கணக்கு உயிர்க் கணக்கு. 6 விநாடிக்கு ஒரு அலை என்று வைத்தாலே வருடத்துக்கு 50 லட்சத்துக்கு மேல், 20 வருடத்தில் 10 கோடி. 1980 மார்ச் 27இல் வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். வெடிப்பு தொடங்கிய இடம், ஒரு சிறு கருவியின் தாங்கியை ஒட்டிய 6 மி.மீ. வெல்டிங். கப்பல்களுக்கும் கடல் மேடைகளுக்கும் சான்றளிக்கும் டி.என்.வி. நிறுவனத்தின் ஆர்.பி.-சி203 போன்ற நியமங்கள் அதனால்தான் ஒட்டின் வடிவத்தைப் பார்த்து வகை பிரிக்கின்றன, காற்றிலா, துருத் தடுப்போடு கடல்நீரிலா, தடுப்பே இல்லாமலா என்று, தகைப்புக்கு எத்தனை சுற்று தாங்கும் எனக் காட்டும் வளைகோட்டைத் தனித்தனியாகத் தருகின்றன. அந்த வளைகோட்டின் செங்குத்தான பகுதியில் தகைப்பு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். இன்னும் பலமான உருக்கு வாங்கிப் போட்டாலும் ஒட்டின் ஆயுள் பெரிதாகக் கூடாது, ஏனென்றால் ஒட்டின் ஓரத்தில் நுண்ணிய குறைகள் முதல்நாளே இருக்கின்றன, மீதி எல்லாம் வெடிப்பு வளர்கிற காலம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? களைப்பு, சோர்வு, அயர்ச்சி என்று மூன்றும் எழுதுகிறார்கள். மூன்றிலும் எனக்கு ஒரே குறை: படுத்து எழும்பினால் போய்விடுகிற விஷயம் போல இருக்கிறது. வள்ளத்தை ஆறு மாதம் கரையில் ஏற்றி வைத்தாலும் அந்த மயிரிழைக் கோடு மூடாது. எனக்கு இளைப்பு பிடித்திருக்கிறது. 'ஆள் இளைச்சுப் போனான்' என்றால் மெலிந்துவிட்டான் என்றுதானே அர்த்தம், வெடிப்பு வளர வளரச் சுமை தாங்கும் இரும்பும் அப்படித்தான் குறைந்து போகிறது. இளைப்பாறுதலும் இதே சொல்லில் இருந்து வந்ததுதானே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் மெலிவு என்ற பொருள் மற்ற மூன்றிலும் இல்லை. மூச்சிளைப்போடு குழம்பும் என்று பயப்படுபவர்கள் உலோக இளைப்பு என்று எழுதட்டும். இளைப்பு வெடிப்பு, இளைப்பு ஆயுள், இளைப்பு வளைகோடு என்று கூட்டுச்சொற்களும் தடங்கல் இல்லாமல் வருகின்றன. பட்டறையில் நின்று பேசும்போது களைச்சுப் போச்சு என்றே சொல்லலாம், அந்த அண்ணனுக்கு விளங்காதது ஒன்றும் அதில் இல்லை.