குட்டி நாயின் முன்னங்காலில் ஒரு கூம்பு

“மூன்று மாதச் சிப்பிப்பாறைக் குட்டி. தினமும் இரண்டு கிலோமீட்டர் பைக்குக்குப் பின்னால் ஓடவிட்டால் கால் உரமேறும் என்கிறார்களே, சரியா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டாம். காரணம், குட்டியின் மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது.

எலும்பு நடுவில் நீள்வதில்லை. முனைகளுக்கு அருகே உள்ள குருத்தெலும்புத் தட்டுகளில்தான் நீள்கிறது. இந்த வளர்ச்சித் தட்டில் செல்கள் அப்பளக் கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். ஒரு பக்கம் புதிய செல்கள் பிறக்க, மறுபக்கம் முதிர்ந்த செல்கள் ஊறிய கொண்டைக்கடலை போல உப்பும். அந்த உப்பல்தான் எலும்பின் முனையைத் தள்ளி நீட்டுகிறது. பிறகு அங்கே சுண்ணாம்பு ஏறி, எலும்பாகிவிடும். உப்பிய அடுக்குதான் தட்டிலேயே நோஞ்சான். வளர்ந்த நாய்க்குச் சுளுக்கோடு போகிற அடி, குட்டிக்குத் தட்டைப் பிளந்துவிடக்கூடும்.

இனிதான் விசேஷம். முன்னங்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள். ரேடியஸுக்கு இரு முனைகளிலும் வளர்ச்சி உண்டு. முழங்கை மூட்டுக்குக் கீழே அல்னா நீள்வதோ ஏறக்குறைய முழுக்கக் கீழ்முனைத் தட்டை நம்பித்தான். மற்ற தட்டுகள் பெரும்பாலும் தட்டையாக இருக்க, நாய்க்கு இந்த ஒன்று மட்டும் கூம்பு. ஒரு கடலைப் பொட்டலத்துக்குள் இன்னொன்றைச் செருகியது போல. தட்டையான இரண்டு பரப்புகளைப் பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கி விலகும். கூம்புக்குள் கூம்பு விலக முடியாது. பக்கவாட்டு விசை அப்படியே நசுக்கும் விசையாக மாறிவிடும். நசுங்கிய செல்கள் பெருகுவதில்லை.

டொராண்டோ மருத்துவர்கள் சால்டரும் ஹாரிசும் 1963-ல் குழந்தைகளின் தட்டு முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இந்த நசுங்கல் ஐந்தாம் வகை. அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியாது. நொண்டலும் சில நாளில் போய்விடும். அல்னா நின்றுபோக, ரேடியஸ் மட்டும் நீண்டுகொண்டே போகும். அல்னா நாண், ரேடியஸ் வில். இரண்டு, மூன்று வாரத்தில் கை முன்னோக்கி வளையும், பாதம் வெளிப்பக்கம் திரும்பும்.

இதைத்தான் கண்ணேறு என்று கறுப்புக் கயிறு கட்டுகிறார்கள். அதைவிடக் கெடுதல், கூடவே ஊற்றும் கால்சியம் டானிக். பெரிய இனக் குட்டிகளின் குடலுக்கு முதல் ஆறு மாதம் வரை மிஞ்சிய கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. மிகையானால் குருத்தெலும்பு எலும்பாக மாறுவது தடைப்படும்; அதிலும் பாதிக்கப்படுவது பெரும்பாலும் இதே கூம்புதான். குட்டிகளுக்கான சரிவிகித உணவு கொடுத்தால் டானிக் தேவையே இல்லை.

அதற்காகக் கட்டிப்போடவும் கூடாது. நார்வேயில் நான்கு பெரிய இனங்களின் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படியேறி இறங்கியவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். மெத்தென்ற, மேடுபள்ளமான தரையில் அவிழ்த்துவிடப்பட்டவற்றுக்குக் குறைவு. வயதில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஐந்து நிமிட நடை என்று ஒரு கணக்கு புழங்குகிறது. அதற்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. கயிற்றில் பிடித்து நடத்தும் நேரத்துக்கு உச்சவரம்பாக வைத்துக்கொள்ளலாம், விளையாட்டுக்கு அல்ல. நாட்டு நாய்களுக்கு எந்தத் தட்டு எந்த மாதத்தில் முழுக்க எலும்பாகி மூடுகிறது என்று எக்ஸ்ரே அட்டவணை போட நம் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. 2005-ல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலை போட்ட நாடு இதையும் செய்யலாம்.

மூன்று மாதக் குட்டிக்கு: பதினைந்து நிமிட நடை, இரண்டு வேளை, வேகத்தை அது தீர்மானிக்கட்டும். மோந்து பார்க்க நின்றால் இழுக்காதீர்கள். பைக் கயிற்றில் கட்டிய குட்டியால் நிற்க முடியாது, அதுதான் சிக்கல். களைத்த தசை அதிர்வைத் தாங்காமல் பாரம் எலும்புக்குப் போகும். தடுப்பூசி வரிசை முடியும் வரை, அதாவது சுமார் 16 வாரம் வரை, தெரு மண் வேண்டாம். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். அதுவரை சொந்த வாசலும் தோட்டமும் போதும். ஒரு வேளைத் தீனியில் கொஞ்சம் எடுத்துப் புல்லில் தூவுங்கள். பத்து நிமிடம் தேடித் தின்றபின் தானே சுருண்டு தூங்கும். பந்தைத் தரையோடு உருட்டுங்கள், நாலைந்து முறை போதும். உயரே வீசினால் எம்பித் திரும்பி இறங்கும். கூம்பு நசுங்க அதுவே வழி. டைல்ஸ் தரையில் சாக்கு விரியுங்கள். சோபாவிலிருந்தும் பைக் டேங்கிலிருந்தும் குதிக்கவிடாமல் தூக்கி இறக்குங்கள். புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அந்த நேரம் நடை இல்லை. ஓட்டப் பயிற்சி ஒரு வயதுக்குப் பிறகு, மண் தரையில், அரை கிலோமீட்டரிலிருந்து.

குதித்தோ விழுந்தோ நொண்டினால், நொண்டல் நின்ற பிறகும் வாரம் ஒருமுறை சமதரையில் நிறுத்தி எதிரிலிருந்து படம் எடுத்து வையுங்கள். ஒரு பாதம் மற்றதைவிட வெளியே திரும்பத் தொடங்கினால், இரண்டு முன்னங்கைக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பிட்டால்தான் கூம்பு மூடியது தெரியும். வளர்ச்சி மிச்சமிருக்கும்போதே போனால், அல்னாவில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, மீண்டும் ஒட்டாதபடி இடைவெளியில் அதே குட்டியின் கொழுப்பை வைப்பார்கள். நாண் அறுந்ததும் வில் ஓரளவு தானே நிமிரும். எட்டு மாதத்தில் போனால் ரேடியஸையே வெட்டித் தகடு வைக்க வேண்டிவரும்.