கேஸ் கட்டோடு வருகிறவர்கள்

என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் சிலர் கேஸ் கட்டோடுதான் வருவார்கள். சாதி வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணையாக ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிற களப்பணியாளர்கள் அவர்கள். தூக்கம் வரவில்லை என்று உட்கார்வார்கள். ஐந்தாவது நிமிடமே பேச்சு எஃப்.ஐ.ஆர்., ஜாமீன், வாய்தா என்று போய்விடும். "சரி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கொண்டுவருவதற்குள் பாதி நேரம் முடிந்திருக்கும்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றி, அவர் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். பதினோரு வருடக் களப்பணி அவருக்கு. ஒரு குடும்பம் சமரசத்துக்குப் போகிறது என்று தெரிந்ததும் அவர்கள் வாசலிலேயே நின்று, "உங்களுக்கெல்லாம் ரோஷமே கிடையாதா?" என்று கத்திவிட்டார். அந்த அம்மா பதில் பேசவில்லை. யார் மேல் புகார் கொடுத்தார்களோ அவர் காட்டில்தான் அந்த வீட்டில் மூன்று பேருக்கு வேலை. அது இவருக்கும் தெரியும். தெரிந்தும் வார்த்தை வந்துவிட்டது. அன்றிலிருந்து தாடை இறுகிப்போய், வாய்தா நாள் காலையில் இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை.

நான் முதலில் சொன்னது உப்புச்சப்பில்லாத யோசனை: பத்து நாள் லீவு போடுங்கள். சிரித்தார். "வாய்தா லீவு போடுமா மேடம்?"

நான்காவது சந்திப்பில், மடியிலிருந்த கட்டின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தவர், திடீரென்று அப்பாவைப் பற்றி ஆரம்பித்தார். ஒரு டீக்கடைத் தகராறில் அப்பாவை அடித்திருக்கிறார்கள். கொடுத்த புகாரை மறுநாளே அப்பா வாபஸ் வாங்கிவிட்டார். இவருக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்டேஷன் வாசலில் அப்பாவின் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தது ஞாபகம் இருக்கிறது. "நான் அந்த அம்மாவைத் திட்டலை மேடம்" என்றார். அப்புறம் வெகுநேரம் பேச்சில்லை.

பர்ன் அவுட், அதாவது வேலையிலேயே எரிந்து ஓய்ந்துபோவது என்றால் இன்று ஐ.டி. கம்பெனிதான் நினைவுக்கு வருகிறது. உளவியலில் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-இல் எழுதியது இலவச கிளினிக்குகளில் சேவை செய்தவர்களைப் பற்றி. பகல் வேலை முடிந்து ராத்திரியில் நியூயார்க்கின் அப்படியொரு கிளினிக்கில் அவரும் உழைத்தார். ஈடுபாடு கூடியவர்களே சீக்கிரம் எரிந்துபோகிறார்கள் என்பதுதான் அவர் கண்டது.

அதற்காக, முதலில் உன்னைச் சரிசெய்துகொள், பிறகு சமூகத்துக்கு வா என்று உபதேசிப்பது எனக்கு உடன்பாடில்லை. அடிபட்டவர்கள்தான் பெரும்பாலும் இந்த வேலைக்கே வருகிறார்கள். கோபம் நோயும் அல்ல, அதற்கு மாத்திரை தேடவேண்டியதில்லை. ஆனால் பழைய கோபத்தின் முகவரி தெரியாவிட்டால் அது பக்கத்தில் நிற்கிறவர் மேல் இறங்கும். அநேகமாக, நாம் யாருக்குத் துணையாகப் போனோமோ அவர்கள் மேலேயே.

இதைத் தனிமனிதர் தலையில் கட்டிவிட்டு அமைப்புகள் ஒதுங்கவும் முடியாது. ஒரு வழக்குக்கு இரண்டு பேர் போகலாம். உண்மை அறியும் குழு ஊருக்குப் போய்த் திரும்பினால், அறிக்கை எழுத உட்காரும் முன் அரைமணி நேரம் தங்களுக்குள் பேசலாம். அவசரத்துக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. 24 மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம்.

அவர் இப்போதும் கோர்ட்டுக்குப் போகிறார். சமரசப் பேச்சு வரும் வழக்கில் மட்டும் அன்றைக்கு உடன் பணிபுரிபவரைப் பேசவைத்துவிட்டு வெளியே டீ குடிக்கப் போய்விடுகிறார். "இது என்னால் முடியாது, நீங்கள் பேசுங்கள்" என்று ஆபீஸில் சொல்ல அவருக்கு எட்டு மாதம் ஆனது.